ஒரு சுவருக்கு மட்டும் வெள்ளை

ஜனவரி 19, ஞாயிறு

பாளையங்கோட்டைக்குத் திரும்பிவிட்டேன். மகள் வேணியின் பிரசவத்துக்காக டொரொண்டோ போய் ஆறு மாதம் இருந்தாயிற்று. பேரனைக் குளிப்பாட்டினேன், மருமகனுக்குக் குழம்பு வைத்தேன், பனியை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு பெட்டிகளோடு வந்திருக்கிறேன். அவற்றில் பாதி, இங்கிருந்து கொண்டுபோய் அங்கே யாரும் தொடாத பொடிகள்.

தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து டாக்ஸி. இவர் வாசலில் நின்றார். வேட்டி வழக்கத்தைவிடக் கூடுதலாக ஒரு சுற்று சுற்றியிருந்தது. மனைவி ஊரில் இல்லாத ஆண்கள் ஒன்று பெருப்பார்கள், அல்லது மெலிவார்கள். இவர் இரண்டாவது வகை என்பது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

டாக்ஸிக்காரர் பெட்டியை இறக்கினார். இவர் கையை நீட்டுவதற்குள், எதிர் வரிசையில் இஸ்திரி போடும் இசக்கி ஓடிவந்தார்.

"சார், நீங்க தொடாதீங்க. நான் தூக்குதேன்."

இசக்கி பல வருடமாக எங்களுக்கு இஸ்திரி போடுகிறவர். இதுவரை ஒரு கைக்குட்டையைக்கூட எங்கள் வாசல் வரை கொண்டுவந்து தந்ததில்லை. வெளிநாடு போய் வந்தவர்களுக்கு ஊரில் மரியாதை கூடும் என்பார்கள். உண்மைதான் போலிருக்கிறது.

ஹாலில் நுழைந்தால் ஒரு சுவர் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. மற்ற மூன்றும் பழைய பச்சை.

"என்னங்க இது?"

"தீவாளிக்கு வெள்ளையடிச்சேன்னு போன்ல சொன்னேன்லா."

"மத்த மூணு சுவரும் என்ன பாவம் செஞ்சுது?"

"இப்ப ஃபேஷன் அப்பிடித்தான், காந்தி. ஒரு சுவரு மட்டும் தனியாத் தெரியணுமாம்."

மின்வாரியத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். ஃபேஷன் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து இன்றுதான் முதல்முறையாகக் கேட்கிறேன்.

ஜனவரி 20, திங்கள்

உடம்பு இன்னும் கனடாவிலேயே இருக்கிறது. காலை பதினொரு மணிக்குக் கண் செருகி, விழித்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. எழுந்து பார்த்தால் சாப்பாடு மேசையில் மூடி வைத்திருந்தது. சோறு, ரசம், பீன்ஸ் பொரியல். சமைத்தவர் இவர்.

நான் போவதற்கு முன் இவருக்கு அடுப்பங்கரையில் தெரிந்த பொருள் தண்ணீர்ப் பானை ஒன்றுதான். நான் இல்லாத மாதங்களில் மெஸ்ஸில் சாப்பிடுவதாக ஏற்பாடு. "மெஸ் ஒத்துக்கிடல" என்று இவரே கற்றுக்கொண்டாராம். ரசத்தை வாயில் வைத்தேன். மிளகும் சீரகமும் சரியாக நின்றன, கொத்தமல்லியை இறக்கும்போதுதான் போட்டிருக்கிறார். பாராட்டத்தான் வாயெடுத்தேன். அதற்குள் உப்பு இல்லை என்பது புரிந்தது. பொரியலில் தேங்காயும் இல்லை. திருநெல்வேலிச் சீமையில் தேங்காய் இல்லாமல் ஒரு பொரியல் மேசைக்கு வந்திருக்கிறது.

முதல் முயற்சிக்கு நூற்றுக்கு எழுபது. உப்புக்குப் பத்து குறைத்தேன், தேங்காய்க்கு இருபது.

ஜனவரி 23, வியாழன்

முருகன்குறிச்சியில் சாலையைக் கடக்க நின்றேன். வண்டிகள் எனக்காக நிற்கும் என்று காத்திருந்தேன். ஒரு ஆட்டோக்காரர் மட்டும் நின்றார், நான் சவாரி என்று நினைத்து. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். ஆறு மாதத்தில் என்னிடம் ஒட்டிக்கொண்ட ஒரே நோய் இது. பிறர் என் காலை மிதித்தாலும் நான்தான் மன்னிப்புக் கேட்கிறேன்.

பக்கத்து வீட்டு எஸ்தர் சாக்லேட் வாங்கிக்கொள்ள வந்தாள். குளிர் எப்படி, ஊறுகாய் உறைந்துவிடுமா என்று எல்லோரும் கேட்பதையே கேட்டாள். பேரனுக்கு முன்பல் முளைத்ததைப் பற்றி நான் சொல்லத் தொடங்கியதும் தானே சொல்லி முடித்தாள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"வேணியும் நானும் வாட்சப்ல பேசிக்கிடுவோம் டீச்சர். தெனமும் ஒரு போட்டோ அனுப்பிருவா."

போகும்போது வாசலில் நின்று இவரைப் பார்த்து, "சார் இப்ப நல்லா தேறிட்டாங்கல்லா டீச்சர்" என்றாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சமையல்ல" என்று சேர்த்தாள்.

பள்ளிக்கூடத்தில் இருந்தவரை, ஒரு பிள்ளை பொய் சொல்லும்போது காதுமடல் என்ன நிறமாகும் என்பதைத் தூரத்திலிருந்தே சொல்லுவேன். எஸ்தருக்கு இரண்டு காதும் சிவந்திருந்தன. வெயிலாக இருக்கலாம். வெயில் நேரம்தான்.

ஜனவரி 26, ஞாயிறு

காலையில் கொடியேற்றத்துக்குப் பழைய பள்ளிக்கூடம் கூப்பிட்டிருந்தார்கள். கிளம்பலாம் என்று இவரைத் தேடினால் ஆள் இல்லை. வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடந்துவிட்டு வந்தார். தினமும் போகிறாராம். நடைப்பயிற்சி என்பது பேருந்து வசதி இல்லாத நாடுகளின் பழக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் இவர்தான்.

மத்தியானம் அலமாரியில் மாங்காய் ஊறுகாய் ஜாடியை எடுத்தேன். போன கோடையில் நான் போட்டது. ஊருக்குக் கிளம்பும்போது வாயில் துணியைக் கட்டி வைத்தேன். துணி நான் போட்ட முடிச்சோடு அப்படியே இருக்கிறது.

இந்த மனிதர் தயிர்ச்சோற்றுக்கும் இட்லிக்கும் ஊறுகாய் தொட்டுக்கொள்வார். ஒருமுறை கேசரிக்கும் கேட்டார். நான் ஊரில் இருந்தபோது ஜாடியை ஒளித்துத்தான் வைப்பேன்.

"ஊறுகாய் தொடவே இல்லையா?"

"நீ வந்தப்புறம் சேந்து தொடலாம்னு வச்சிருந்தேன்."

இந்த வயதில் காதல் வசனம். எடுத்துப் போட்டேன். "நாளைக்குப் பாப்போம்" என்று நகர்த்தி வைத்துவிட்டார்.

ஜனவரி 29, புதன்

இரவுச் சாப்பாடு முடிந்ததும் இவர் பின்கட்டுக்குப் போய் ஏதோ விழுங்குகிறார். வைட்டமின் என்கிறார்.

பிப்ரவரி 1, சனி

ஏப்ரலில் நான் மறுபடி டொரொண்டோ போவதாகத்தான் ஏற்பாடு. வேணி மே மாதம் புது வேலையில் சேர வேண்டும். பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மருமகன் இந்த மாதக் கடைசிக்குள் டிக்கெட் போட்டுவிடலாம் என்கிறார். இன்னொரு ஆறு மாதம்.

இவர் என்னைவிட அவசரமாக இருக்கிறார்.

"தேதியச் சொல்லிரு காந்தி. தள்ளிப் போட்டா டிக்கெட்டு ஏறிரும்."

"நான் இல்லாம இருந்துக்கிடுவீங்களா?"

"இருந்தேன்லா. சமையல்கூடப் படிச்சிட்டேன்."

"நீங்களும் வரலாம்லா."

"எனக்கு ஏரோபிளேன் ஒத்துக்கிடாதுன்னு தெரியாதா உனக்கு." ஏரோபிளேனில் இவர் ஒருமுறைகூட ஏறியதில்லை. 

சாயங்காலம் வேணியிடம் பேசினேன். அவள் அவசரமே காட்டவில்லை. "பாக்கலாம்மா. உனக்கு முடிஞ்சா வா. இல்லாட்டி வேற ஏற்பாடு பண்ணிக்கிடலாம்" என்றாள். நான் ஆறு மாதம் அங்கே குப்பை கொட்டியதற்கு இவ்வளவுதான். "அம்மா நீ வந்தே ஆகணும்" என்று அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படி அழுதிருந்தால் கொஞ்சம் அலுத்துக்கொண்டுவிட்டுச் சம்மதித்திருப்பேன். அந்த வாய்ப்பையும் தரவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஒட்டடை அடித்தேன். வெள்ளைச் சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரத்தையும் இறக்கித் துடைத்தேன்.

அது நான் ஓய்வு பெற்றபோது பள்ளி ஆசிரியர்கள் கொடுத்தது. "தலைமையாசிரியை திருமதி காந்திமதி பிரமநாயகம் அவர்களுக்கு, பணி நிறைவு வாழ்த்துகளுடன்" என்று முகப்பில் தங்க எழுத்து. எண்களைவிட என் பெயர் பெரிது. ஐந்து நிமிடம் முந்தி ஓடும்படி நானே வைத்திருந்தேன். அப்படி வைத்தால்தான் இந்த வீட்டில் எதுவும் நேரத்துக்கு நடக்கும்.

டொரொண்டோ போன முதல் வாரத்தில் இவர் மாடியிலிருந்து, வாசலிலிருந்து, டீக்கடையிலிருந்து என்று கண்ட இடத்திலிருந்தும் வீடியோவில் கூப்பிடுவார். "சாப்பிட்டாச்சா" என்றால் "ஆச்சு" என்பார். நம்ப முடியாது. அதனால் ஒரு விதி போட்டேன். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு, ஹாலில், கடிகாரம் பின்னால் தெரியும்படி உட்கார்ந்து பேச வேண்டும். விதியைக் கடைசி நாள் வரை மீறவில்லை. நல்ல மாணவர் என்று மருமகனிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

இன்று பார்த்தால் கடிகாரம் முந்தி ஓடவில்லை. சரியான நேரம் காட்டுகிறது. பின்னால் கட்டியிருந்த சணல் கயிறும் இல்லை. அதற்குப் பதிலாக, காயத்துக்குக் கட்டும் வெள்ளைத் துணியை நாடாவாக மடித்து, பிளாஸ்திரியால் ஒட்டிக் கட்டியிருக்கிறது. ரொம்ப நேர்த்தியான கட்டு. இவர் செருப்பு வாரைக்கூட அப்படிக் கட்டியதில்லை.

"கயிறு அந்து போச்சு. கைக்குக் கெடைச்சதக் கட்டுனேன்."

சரி என்றேன். மறுபடி மாட்டினேன்.

பிப்ரவரி 5, புதன்

நான் எதையும் ஊகிக்கவில்லை. அக்டோபர் மாதத்தைப் பற்றி ஞாபகம் இருப்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

பேரன் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம். ஒருநாள் மாலை இவர் பேசும்போது பின்னால் சுவர் வெள்ளையாகத் தெரிந்தது. கேட்டதற்கு, தீபாவளி வருகிறது, வெள்ளையடித்தாயிற்று என்றார். யாரும் சொல்லாமல் இவர் தானாக ஒரு வீட்டு வேலை செய்திருக்கிறாரே என்று வேணியிடம் பெருமையாகச் சொன்னேன். அந்த வாரம் முழுவதும் கழுத்துவரை சால்வை போர்த்தியிருந்தார். ஜலதோஷம் என்றார். சீக்கிரம் பேசி முடித்துக்கொள்வார். எனக்கும் கையில் பிள்ளை, அதனால் வசதியாக இருந்தது.

அதே வாரம்தான் வேணி காரணமில்லாமல் இரண்டு மூன்று முறை அழுதாள். பிரசவமான பெண்களுக்கு அப்படி வரும் என்று எங்கோ படித்திருந்தேன். சிக்னல் இல்லை என்று போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்ப் பேசிவிட்டு வருவாள். பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தேன். சரியாகிவிட்டது.

இவ்வளவுதான் ஞாபகம்.

பிப்ரவரி 8, சனி

இன்று என் பங்குக்கு ஒன்று சொன்னேன்.

வீட்டில் உப்பில்லாத சமையலுக்கும், ஊறுகாய் தொடாததற்கும், விடியற்காலை நடைக்கும் ஒரு கௌரவமான காரணம் வேண்டியிருந்தது. அதை இவர் சொல்லப்போவதில்லை. ஒளித்து ஒளித்து மாத்திரை விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. எனவே, டொரொண்டோவில் பார்த்தார்கள், எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறதாம், உப்பும் எண்ணெயும் தேங்காயும் குறைக்கச் சொன்னார்கள், தினமும் நடக்கச் சொன்னார்கள் என்றேன். பிள்ளைகளிடம் முப்பது வருடம் உண்மையே பேசு என்று சொன்னவள் நான். இதைச் சொல்ல மூச்சுகூட முட்டவில்லை. காதுமடலை மட்டும் முந்தானையால் மூடிக்கொண்டேன்.

இவர் நிம்மதியாவார் என்று நினைத்தேன். கையிலிருந்த டம்ளரை அப்படியே கீழே வைத்தார்.

"எவ்வளவு இருந்துச்சு?"

"கூடத்தான்."

"கூடன்னா? நம்பரு சொல்லல?"

"எனக்கு ஞாபகமில்ல."

"ஏன் இத்தன நாளு சொல்லல?"

இந்தக் கேள்வியை யார் யாரிடம் கேட்பது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. முகத்தை நேராக வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நான் எதிர்பார்த்தபடி போகவில்லை. காலையில் காப்பியைக் கையில் தராமல் மேசையில் வைத்தார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாடிப்படி ஏறினால் பின்னாலேயே வருகிறார். தண்ணீர்க் குடத்தை நான் தூக்கப் போனால் இசக்கியைக் கூப்பிடுகிறார். இசக்கி யாருக்காக ஓடிவருவது என்று குழம்பி, வாசலில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"புதன்கெழம டாக்டர்கிட்டப் போறோம்" என்றார் இவர்.

"எந்த டாக்டரு?"

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு இருக்காரு. நெஞ்சுக்கு ப்ரஷருக்கெல்லாம் அவருதான் நல்லாப் பாப்பாரு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நம்ம ஆபீசுல ஒருத்தருக்குப் பாத்தாரு."

பிப்ரவரி 12, புதன்

வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். உள்ளே நுழைந்ததுமே இவர் நடை மாறியது. கட்டணம் கட்டும் இடம் எது, லிப்ட் எது, எந்தத் தளம் என்று யாரிடமும் கேட்கவில்லை.

மருத்துவர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். சுவர்கள் வெள்ளை. எங்கள் வீட்டில் ஒரு சுவருக்கு அடித்திருக்கிறதே, அதே வெள்ளை. மற்ற ஆஸ்பத்திரிகளிலும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

மருந்துத் தள்ளுவண்டியோடு போன ஒரு நர்ஸ் நின்றாள்.

"கடிகார சார்தான? உடம்பு எப்பிடி இருக்கு சார்?"

இவர் எதிரே மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியின் பயன்பாட்டு விதிகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கழட்டிட்டுப் போனதும் வார்டே வெறிச்சுன்னு ஆயிட்டு சார். இப்ப நேரம் பாக்கப் போனை எடுத்தா மேட்ரன் திட்டுதாங்க." என் பக்கம் திரும்பினாள். "நீங்க காந்திமதி மேடம்தான? தெனமும் பேரு படிப்போம்லா. கடிகாரம் கொஞ்சம் பாஸ்ட்டா ஓடுச்சு மேடம். மாத்திரை நேரம் தப்பிரக்கூடாதுன்னு நான்தான் திருப்பி வச்சேன். கயிறும் அந்துட்டு. நான்தான் கட்டிக் குடுத்தேன்."

"ரொம்ப நேர்த்தியாக் கட்டியிருக்க" என்றேன்.

"தேங்க்ஸ் மேடம்" என்று தள்ளுவண்டியோடு போய்விட்டாள்.

இவர் தீயணைப்புக் கருவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள்.

மருத்துவர் எனக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்தார், சிறிது நேரம் விட்டு இன்னொருமுறை பார்த்தார். "நூத்தி இருவதுக்கு எம்பது. உங்களுக்கு ப்ரஷர்னு யாரும்மா சொன்னா?" என்றார். இப்போது இவர் என்னைப் பார்த்தார். நான் மருத்துவர் மேசை மேலிருந்த பிளாஸ்டிக் இருதயத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"சார், நீங்க டெய்லி நடக்கீங்கல்லா?" என்று மருத்துவர் இவரிடம் கேட்டார். "ஸ்டென்ட் வச்ச ஆளு மாதிரியே இல்ல. நல்லா மெயின்டெயின் பண்ணுதீங்க."

ஆட்டோ முருகன்குறிச்சியைத் தாண்டியது.

"ப்ரஷரு இல்லன்னுட்டாரே" என்றார் இவர்.

"ஆமா."

"இருக்குன்னு யாரு சொன்னா?"

"நான்தான் சொன்னேன்."

"ம்."

இன்னும் கொஞ்ச தூரம் போனது.

"ஆஸ்பத்திரிக்குக் கடிகாரத்த யாரு கொண்டுவந்தா?" என்றேன்.

"எஸ்தர். ரெண்டாம் நாளே கொண்டாரச் சொன்னேன். நீதான கடிகாரம் தெரியணும்னு சொன்ன."

"நான் சொன்னா நெஞ்சுவலியோட ஆணியடிப்பீங்களா?"

"நான் எங்க அடிச்சேன். ஆஸ்பத்திரிக்காரங்கதான் அடிச்சாங்க. மொதல்ல முடியாதுன்னுட்டாங்க. அப்புறம் அந்த நர்ஸு பிள்ளைதான் பேசிச் சம்மதிக்க வச்சுது."

"சுவரு வேற நெறம்னு தோணலயா உங்களுக்கு?"

"நீ கேட்டப்பதான் தோணுச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "வீட்டுக்கு வந்ததும் மொத வேலையா அடிச்சேன். ஒரு சுவருதான் தெரியும்லா போன்ல. மத்தது எதுக்குன்னு விட்டுட்டேன்."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். அவர் முகத்தில் முழுக்கதையும் தெரிந்துகொள்ளும் ஆவல் இருந்தது. எங்கள் சமாதானபுரம் வந்துவிட்டது, பாவம்.

பிப்ரவரி 13, வியாழன்

காலையில் மைதானத்துக்கு இருவரும் போனோம். இவர் வேகமாக நடக்கிறார். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

"ஏன் சொல்லல?" என்று ஒரு சுற்று முடிந்ததும் கேட்டேன்.

"சொன்னா நீ அன்னைக்கே ஏறி வந்திருப்ப."

"வந்திருப்பேன்தான்."

"அதான் சொல்லல. பச்சப்பிள்ளய வச்சுக்கிட்டு அவ தனியா என்ன செய்வா. இங்க எனக்கு எஸ்தர் இருக்கா, அவ வீட்டுக்காரரு இருக்காரு, இசக்கி இருக்கான். அவளுக்கு அங்க யாரு இருக்கா?"

கோபப்பட வேண்டும் என்று நேற்று இரவே தீர்மானித்திருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்பதைக்கூட வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அந்த வரிசை இப்போது பொருந்தவில்லை. யோசித்துப் பார்த்தால், என் வேலைக்காலம் முழுவதும் நான் பிடித்த பொய்கள் எல்லாம் சோம்பேறிப் பொய்கள். வயிற்றுவலி, வீட்டில் விசேஷம், தாத்தா தவறிவிட்டார். ஒரே தாத்தா மூன்று முறை தவறியதும் உண்டு. சொன்ன பொய்க்குப் பொருந்தவேண்டும் என்று ஒரு சுவருக்கு வண்ணம் அடித்தவரை நான் பார்த்ததில்லை. பொய்யைக் காப்பாற்ற ஒருவர் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டதையும் பார்த்ததில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நேற்று அந்த ஆஸ்பத்திரிக்கு என்னை அழைத்துப் போனால் யாராவது அவரை அடையாளம் கண்டு பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியும். திருநெல்வேலியில் வேறு மருத்துவர்களே இல்லையா? இத்தனை மாதம் தெரு முழுவதையும் கூட்டு சேர்த்துக் காப்பாற்றிய ஒன்றை, எனக்கு ரத்தக்கொதிப்பு என்றதும் நாலே நாளில் தூக்கிப் போட்டுவிட்டார். நல்ல மருத்துவர் அங்கே இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக.

மதிப்பெண் போட எனக்குத் தெரியவில்லை.

"ஏப்ரல்ல நீ போயிட்டு வா" என்றார் வீடு திரும்பும்போது. "நான் நல்லாத்தான் இருக்கேன். டாக்டரே சொல்லிட்டாரு. வேணி வேலைய விட்டுறக் கூடாது."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் வேண்டாம். அங்க ஒக்காந்து அழுவா."

"நான் போகமாட்டேன்."

"காந்தி."

"நாகர்கோயில்ல சம்பந்தியம்மா இருக்காங்க. தன்னக் கூப்பிடலன்னு போன வருசமே மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாங்க. அவங்க போகட்டும்."

"நீ ஏன் வரலன்னு வேணி கேட்டா?"

"எனக்குத்தான் ப்ரஷரு இருக்குல்லா."

தெருமுனை வந்ததும் நின்றார். பிறகு, "எவ்வளவுன்னு நம்பரு சொல்லணும்" என்றார். "நம்பரு இல்லாமச் சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டாங்க. அன்னைக்கு நீ சொன்னதுல அதுதான் கொற."

மத்தியானம் ஸ்டூலைப் போட்டு ஏறி, கடிகாரத்தை மறுபடி ஐந்து நிமிடம் முன்னே தள்ளப் போனேன். மாத்திரை நேரத்துக்காகத் திருத்தியது என்று நினைவு வந்தது. அப்படியே விட்டு இறங்கிவிட்டேன்.

மாத்திரை டப்பா இப்போது சாப்பாட்டு மேசை மேல், தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பிப்ரவரி 14, வெள்ளி

ஊறுகாய் ஜாடியை எஸ்தரிடம் கொடுத்துவிட்டேன். வாங்கும்போது அவளுக்குக் காது சிவக்கவில்லை, கண்தான் சிவந்தது. "டீச்சர், எங்கள மன்னிச்சிருங்க. சார்தான் சத்தியம் வாங்கிட்டாங்க" என்றாள். ஜாடியைத் திருப்பித் தரும்போது கழுவித் தர வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சாயங்காலம் ஏழு மணி. வெள்ளைச் சுவருக்கு முன்னால், கடிகாரம் தெரியும்படி இருவரும் உட்கார்ந்தோம். இவர் புதிதாக இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். இசக்கி வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்.

வேணி பேரனை மடியில் வைத்து எதையோ ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் அதைத் திருப்பி அவள் சட்டை மேலேயே ஊட்டிக்கொண்டிருந்தான்.

"வேணி, ஏப்ரல்ல என்னால வர முடியாதும்மா. ப்ரஷரு இருக்குன்னு சொல்லிட்டாங்க."

"நூத்தி அறுவதுக்கு நூறு" என்றார் இவர் உடனே. குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. "நான்தான் கூட்டிட்டுப் போனேன். டாக்டரு தூரப் பயணமெல்லாம் வேண்டாம்னுட்டாரு. உப்பு, எண்ணெய், தேங்கா எல்லாம் நிறுத்தியாச்சு. தெனமும் நடக்கணும். அவ தனியாப் போனா எங்கயாவது விழுந்துருவாளேன்னு நானும் கூடப் போறேன்."

எனக்கே ரத்தக்கொதிப்பு இருக்கிறது என்று ஒரு நிமிடம் நம்பிவிட்டேன்.

வேணி எங்கள் இருவரையும் பார்த்தாள். பிள்ளையின் வாயைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"உனக்கா, அம்மா?"

"எனக்குத்தான்."

"சரிம்மா. நான் அத்தையக் கூப்பிட்டுக்கிடுதேன். அவங்க எப்பம்மா எப்பம்மான்னு கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க." போனை வைக்கப் போனவள், திரும்ப முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள். "அப்பாவ நல்லாப் பாத்துக்கோம்மா."

வைத்துவிட்டாள்.

ரத்தக்கொதிப்பு எனக்கு என்று இருவரும் தெளிவாகத்தான் சொன்னோம். லைன் சரியில்லை போலிருக்கிறது.

இரவுச் சாப்பாட்டுக்கு இவர் ரசம் வைத்திருக்கிறார். உப்பு இல்லை. என் உடம்பை உத்தேசித்து.